மூன்று குரலுக்கு ஒருத்தி

நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர். பிறகு வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் துப்பாக்கியோடு பாதுகாப்பு வேலை. ஞாயிறானால் தேவாலயத்தில் பாட்டு, அழைத்தால் கல்யாணங்களிலும் பாட்டு. ஷரோன் ஜோன்ஸின் 40 வயது வரையிலான இசை வாழ்க்கை ஏறக்குறைய இவ்வளவுதான்.

குரலில் குறையில்லை. 1956-ல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில், ஸோல் இசையின் சக்கரவர்த்தி ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த அதே ஊரில் பிறந்து, புரூக்ளினில் வளர்ந்தவர். தடையாக இருந்தது தோற்றம். குள்ளம், குண்டு, கறுப்பு அதிகம், வயதும் ஏறிவிட்டது என்று இசைத்தட்டுத் துறைக்காரர் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னதை அவர் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்தார். வீடியோவில் முகம் பார்த்துப் பாட்டு விற்ற காலம் அது.

1996-ல் திருப்பம், அதுவும் பின்பாட்டு வழியாக. லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவுக்கு மூன்று பெண் குரல்கள் தேவைப்பட்டன. மூன்றையும் ஷரோன் ஒருவரே பாடி முடித்தார். ஒலிப்பதிவை நடத்திய கேப்ரியல் ராத் அவரை விடவில்லை. ராத்தும் நண்பர்களும் தொடங்கிய டாப்டோன் நிறுவனம் 2002-ல் வெளியிட்ட முதல் ஆல்பமே ஷரோனுடையதுதான். ஸ்டூடியோ என்பது புரூக்ளினில் ஒரு பழைய வீடு. அதற்கு மின்சார வயர் இழுத்ததில் பாடகிக்கும் பங்கு உண்டு! கம்ப்யூட்டரை நம்பாமல், 60-களைப் போல டேப்பில் பதிவு.

ஆனால் அந்த இசையை உலகமே கேட்டபோது பாடியது வேறொருவர். 2006-ல் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் பல பாடல்களுக்கு வாசித்தவர்கள் ஷரோனின் டாப்-கிங்ஸ் குழுவினர். அந்த ஆல்பம் கிராமி விருதுகளை அள்ளியது. வாசித்தவர்கள் யார் என்று தேடி வந்த ரசிகர்கள் ஷரோனைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கைதான், வருத்தமான வேடிக்கை. 2007-ல் வந்த '100 டேஸ், 100 நைட்ஸ்' அவரைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனது.

2013-ல் கணையத்தில் புற்றுநோய். தயாராக இருந்த ஆல்பம் மறு ஆண்டுக்குத் தள்ளிப்போனது. சிகிச்சையில் முடி கொட்டியபோது விக் வேண்டாம் என்று மொட்டைத் தலையோடு மேடையேறி ஆடினார். முதல் கிராமி பரிந்துரை அந்த ஆல்பத்துக்குத்தான் கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. 2015-ல், தன்னைப் பற்றிய ஆவணப்படம் டொரன்டோ விழாவில் திரையிடப்பட்ட வேளையில், நோய் திரும்பிவிட்டதை அவரே அறிவித்தார். அதற்குப் பிறகும் கச்சேரிகள் தொடர்ந்தன.

2016 நவம்பர் 18-ல் இறந்தபோது வயது 60. கடைசி நாட்களில் பக்கவாதத்தால் பேச்சு போயிருந்தது. கட்டிலைச் சுற்றிக் குழுவினர் வாசிக்க, தேவாலயப் பாடல்களை மட்டும் அவர் கூடவே முனகிக்கொண்டிருந்தார்.