தழும்பு மாதிரி ஒரு கட்டி: ஒட்டிக்கொண்ட இரண்டு மரபணுக்கள் காட்டிக்கொடுப்பது எப்படி?

பெசன்ட் நகர் பீச்சில் காலை ஓட்டம் முடித்து டி-ஷர்ட் மாற்றும்போது, தோள்பட்டையில் ஒரு தடிப்பு கையில் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை. ‘ரெண்டு மூணு வருஷமா இருக்கு, பழைய தழும்புதானே’ என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் அது தழும்போ கொழுப்புக்கட்டியோதான். அபூர்வமாக, ‘டெர்மட்டோ ஃபைப்ரோ சார்கோமா புரோட்டியூபரன்ஸ்’ என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். பெயர் வாயில் நுழையாது. டாக்டர்களே ‘டிஎஃப்எஸ்பி’ என்றுதான் சொல்கிறார்கள்.

20 முதல் 50 வயதுக்காரர்களிடம் அதிகம் வருவது இது. மெதுவாக வளரும். மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது 100-ல் 5 பேருக்கும் குறைவு. சிக்கல் வேறு இடத்தில்: மேலே தெரிவதைவிட அடியில் வேர் மாதிரி பரவியிருக்கும். சாதாரணக் கட்டி என்று நினைத்து ஒட்ட வெட்டினால், அதே இடத்தில் திரும்ப முளைக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடாதா? அங்கேதான் குழப்பம். ஆபத்தில்லாத சில கட்டிகளும் ஏறக்குறைய இதே சாயலில் இருக்கும். ‘சிடி34’ என்ற சாயப் பரிசோதனை நிறைய உதவும். ஆனால் அது டிஎஃப்எஸ்பி-க்கு மட்டுமே உரிய அடையாளம் அல்ல.

உறுதியான சாட்சி மரபணுவில் இருக்கிறது. 17-வது குரோமோசோமில் இருக்கும் கொலாஜன் மரபணுவும், 22-வதில் இருக்கும் ‘பிடிஜிஎஃப்-பி’ என்ற வளர்ச்சி மரபணுவும் உடைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. கொலாஜன் மரபணு தோல் செல்களில் ஓயாமல் வேலை செய்வது. எப்போதும் கரன்ட் இருக்கிற லைனில் மாடி டேங்க் மோட்டாரை இணைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஆஃப் பண்ண சுவிட்ச் கிடையாது. ‘வளரு, வளரு’ என்ற சிக்னல் வழிந்துகொண்டே இருக்கும். பிறவியில் வருவதல்ல, பிள்ளைகளுக்கும் போகாது. அந்தக் கட்டிக்குள் மட்டும் நடக்கிற விபத்து.

‘ஃபிஷ்’ பரிசோதனையில் இந்த மரபணுக்கள் மீது ஒளிரும் நிறங்களை ஒட்டிப் பார்ப்பார்கள். இணைவு இருந்தால் நிறங்களின் இடமே மாறித் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. முன்கையில் சில வாரங்களிலேயே கிடுகிடுவென வளரும் ‘நோடுலர் ஃபேசியைட்டிஸ்’. மைக்ரோஸ்கோப்பில் புற்றுநோய் மாதிரியே மிரட்டும். ஆனால் தானாகவே சுருங்கிவிடக்கூடியது. இதில் ‘யுஎஸ்பி6’ என்ற மரபணு (நம் சார்ஜர் போர்ட் இல்லை!) வேறொன்றோடு இணைந்திருப்பது 2011-ல் தெரியவந்தது. அந்த இணைவைக் கண்டுபிடித்தால் ஒரு பெரிய ஆபரேஷனே மிச்சம்.

டிஎஃப்எஸ்பி-க்கு முதல் சிகிச்சை, சுற்றிலும் போதுமான இடம்விட்டு வெட்டியெடுப்பதுதான். வெட்ட முடியாத நிலையில் இமாட்டினிப் மாத்திரை கைகொடுக்கும்; அமெரிக்கா 2006-ல் இதற்கு அனுமதி தந்தது. மரபணு இணைவு இல்லாத கட்டியில் இந்த மாத்திரை வேலை செய்வது சந்தேகம்தான். அதனால் மாத்திரைக்கு முன் டெஸ்ட்.

அதே 2006-ல், ரத்தப் புற்றுநோய்க்காக ஏற்கெனவே பிரபலமாகியிருந்த இந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை மறுத்தது நம்ம சென்னை காப்புரிமை அலுவலகம்! 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்தின் ஜெனரிக், சுமார் 10 ஆயிரத்துக்குள் கிடைத்தது அந்தச் சட்டப் போராட்டத்தின் பின்னணி.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? எந்தக் கட்டியை எடுத்தாலும், ‘சின்னதுதானே’ என்று குப்பையில் போடவிடாமல் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தால் கட்டாயம் காட்டுங்கள். லேபில் அந்தச் சதையை மெழுகில் பதித்து ‘பிளாக்’காக வைத்திருப்பார்கள். இரண்டாவது கருத்துக்கோ ஃபிஷ் டெஸ்ட்டுக்கோ ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. அந்த பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.