ஓர் இடைமுகமும் ஒரு நெறிமுறையும்: இணைப்புநிலை வழிப்படுத்தல் பற்றிய சில குறிப்புகள்

கணினி வலையமைப்புப் பற்றிய கைந்நூல்களிலே, வழிப்படுத்தியின் ஓர் இடைமுகத்தில் இணைப்புநிலை நெறிமுறையை இயங்கச் செய்தல் ஓரிரு வரிக் கட்டளையாகவே இடம்பெறுகின்றது. எனினும், எதனை அயலாருக்கு அறிவிப்பது, எவரது கூற்றை ஏற்பது என்னும் இரு வினாக்கள் அவ்வரிகளுள் அடங்கியுள்ளன. அவ்வினாக்களை அவற்றின் வரலாற்றுப் பின்னணியில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியுதவியுடன் 1969 இல் தோன்றிய ஆர்ப்பாநெற் வலையமைப்பில், ஒவ்வொரு கணுவும் தன் அயற்கணுக்கள் கூறிய மதிப்பீடுகளைக் கொண்டே வழியைத் தீர்மானித்தது. அயலவர் கூறியதும் அவர்தம் அயலவரிடம் கேட்டதே. செவிவழிச் செய்திக்குரிய குறைபாடு இதற்கும் இருந்தது. இணைப்பொன்று அறுந்த பின்னரும், அது வாழ்கின்றது என்னும் பழங்கூற்று கணுக்களிடையே சுற்றிவந்தது.

இதற்கு மாற்றாக 1979 இல் புதிய முறையொன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கணுவும் தன்னை நேரே தொட்டுநிற்கும் இணைப்புகளின் நிலையை மாத்திரமே கூறும். ஆனால் அக்கூற்று மாற்றமின்றி எல்லாக் கணுக்களையும் சென்றடையும். அவ்வாறு சேர்ந்த கூற்றுகளிலிருந்து ஒவ்வொரு கணுவும் முழு வலையமைப்பின் வரைபடத்தைத் தானே ஆக்கி, மிகக் குறுகிய வழிகளைக் கணிக்கும். இக்கணிப்புக்கு அடிப்படையானது, டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ற்றா 1959 இல் வெளியிட்ட வழிமுறையாகும். பாட ஆய்வு மரபில் வைத்துக் கூறுவதாயின், வழிவழி வந்த உரையை விடுத்து மூலபாடங்களைத் தாமே ஒப்புநோக்கும் முறை இது எனலாம்.

இம்முறை கணுக்களின் பரஸ்பர நம்பிக்கையிலேயே தங்கியுள்ளது. 1980 ஒக்ரோபர் 27 ஆம் திகதி, கணுவொன்றின் வன்பொருட் கோளாற்றினாற் சிதைந்த வரிசையெண்களைக் கொண்ட அறிவித்தல்கள் ஆர்ப்பாநெற் எங்கும் பரவின. அவற்றுள் ஒவ்வொன்றும் மற்றையதிலும் புதியதாகத் தோன்றியமையால் அவை முடிவின்றிச் சுழன்றன. வலையமைப்புப் பல மணிநேரம் செயலிழந்தது. ஓரிடத்துப் பிழை எல்லோருடைய பிழையாகிவிடக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

2

இம்மரபிலே தோன்றியதே ஓ.எஸ்.பி.எவ். நெறிமுறை. இதன் முதல் விவரணம் 1989 இலும், இன்று பெரிதும் வழங்கும் இரண்டாம் பதிப்பின் செம்மையான வடிவம் 1998 இலும் வெளிவந்தன. பெயரின் முதலெழுத்துக் குறிப்பது 'திறந்த' என்பதனை. 1980களின் நடுப்பகுதியில் சிஸ்கோ நிறுவனம் உருவாக்கிய ஐ.ஜி.ஆர்.பி. அந்நிறுவனத்தின் தனியுடைமையாக இருந்தது. ஓ.எஸ்.பி.எவ்வின் விவரணமோ எவரும் படித்து எக்கருவியிலும் ஆக்கக்கூடிய பொதுச்சொத்தாக வெளியிடப்பட்டது. தொழினுட்ப அறிவு எவருடைமை என்னும் வினா இங்கு பெயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

3

இனி, ஓர் இடைமுகத்தில் நெறிமுறை இயங்கத் தொடங்குகையில் நிகழ்வதை நோக்குவோம். வழிப்படுத்தி அவ்விடைமுகத்தினூடாக 'ஹலோ' எனப்படும் சிறு பொதிகளை அனுப்பும். ஈதர்நெற் போன்ற வலைகளிற் பொதுவாக 10 செக்கனுக்கு ஒரு முறை இவை செல்லும். 40 செக்கன்கள் வரை மறுமொழி வாராவிடின் அயலவர் இறந்தவராகக் கருதப்படுவர். இக்கால அளவுகளும், வலயத்தின் எண்ணும், உபவலை மறைப்பும், அத்தாட்சிப்படுத்தலும் இரு பக்கத்திலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று முரண்படினும் உறவு ஏற்படாது. ஒரே வலையிற் பத்து வழிப்படுத்திகள் இருப்பின் 45 சோடி உறவுகள் தேவைப்படும். தலைமை வழிப்படுத்தியும் அதன் துணையும் தெரிவுசெய்யப்படுவதால் முழு உறவுகள் 17 ஆகக் குறைகின்றன.

சிஸ்கோ கருவிகளில் இதனை இயக்குவதற்கு இரு வழிகள் உள. பழையது, நெறிமுறைப் பகுதியில் 'நெற்வேர்க்' என்னும் கட்டளையை இடுவது. அறிவிக்கப்படும் வலையை இது குறிக்கின்றது எனப் பலர் கொள்வர். உண்மையில் அது, எந்த முகவரிகளையுடைய இடைமுகங்கள் பங்குகொள்ளும் என்பதனையே தெரிவுசெய்கின்றது. 'நெற்வேர்க் 10.1.1.1 0.0.0.0 ஏரியா 0' என எழுதின், அம்முகவரியையுடைய ஒரே இடைமுகம் பங்குகொள்ளும். 0.0.0.0 என்னும் முகவரியுடன் 255.255.255.255 என்னும் மறைப்பை இட்டாலோ, முகவரியுள்ள எல்லா இடைமுகங்களும் திறந்துவிடும். பின்னர் சேர்க்கப்படுவனவும் தாமாகவே திறக்கும். மற்றைய வழி, இடைமுகப் பகுதியிலேயே 'ஐ.பி. ஓ.எஸ்.பி.எவ். 1 ஏரியா 0' என எழுதுவது. இங்கு இடைமுகம் வெளிப்படையாகப் பெயர் கூறப்படுவதால் ஐயத்திற்கு இடமில்லை.

4

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. ஒரு பல்கலைக்கழக வலையமைப்பை உதாரணமாகக் கொள்வோம். ஓர் இடைமுகம் மைய வழிப்படுத்தியை நோக்கியும், மற்றொன்று மாணவர் ஆய்வுகூடத்தை நோக்கியும் உள்ளன. எல்லா இடைமுகங்களும் திறந்து, அத்தாட்சிப்படுத்தலும் இல்லாதிருப்பின், ஆய்வுகூடத்துக் கணினியொன்றில் வழிப்படுத்தல் மென்பொருளை இயக்குபவர் அயலவராகச் சேர்ந்து, பொய்யான வழிகளை முழு வலையமைப்புக்கும் அறிவிக்கலாம். பரீட்சைப் பெறுபேறுகள் செல்லும் வழியும் அவர் கைவசமாகக்கூடும்.

ஆய்வுகூட இடைமுகத்தில் நெறிமுறையை முற்றாக விலக்கின், அவ்வலை இருப்பதே பிறருக்குத் தெரியாது போகலாம். இதற்கென உள்ளதே 'பசிவ்' நிலை. இந்நிலையில் அவ்வலை வரைபடத்தில் இடம்பெறும்; ஆனால் அவ்விடைமுகத்தில் ஹலோ செல்லாது, எவருடனும் உறவு ஏற்படாது. எனவே, எல்லாவற்றையும் முதலில் இந்நிலையில் வைத்து, உறவு வேண்டிய ஒன்றை மாத்திரம் பெயர்கூறித் திறத்தலே தக்க நடைமுறையாகும். திறந்த இடைமுகத்திலும் அத்தாட்சிப்படுத்தல் அவசியம்.

நெறிமுறை திறந்ததாயிருத்தல் வேறு, வாயில்கள் யாவும் திறந்திருத்தல் வேறு. முன்னையது அறிவைப் பொதுவாக்குகின்றது. பின்னையது அப்பொது அறிவை எவரும் பொய்யாக்க இடமளிக்கின்றது. ஒவ்வொருவர் கூற்றும் எல்லோருக்கும் வரைபடமாகும் அமைப்பில், கூறுவோர் யாவர் என்பதைத் தெரிந்து வரையறுத்தல் அவ்வமைப்பின் பொதுமைக்கு முரணானதன்று. அதனைப் பேணுவதற்கான முன்நிபந்தனையே ஆகும்.