உங்களுக்குத் தெரியுமுங்களா? – கொங்குத் துணுக்குகள்

சினிமா, பஸ், மோட்டார், ரேடியோ, யூடியூப் என்று வெளியூரிலிருந்து எது வந்து இறங்கினாலும் கொங்குக்காரர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பார். பிறகு, "இதை நாமளே பண்ணிப் பார்த்தா என்னங்க?" என்பார். அப்படிப் பண்ணிப் பார்த்தவர்களின் கதைகளிலிருந்து கொஞ்சம் இங்கே.

சம்பளக்காரர் வாங்கிய படப்பெட்டி

1905-ல் திருச்சியில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டிருந்தார் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் நாடு திரும்பக் கிளம்பினார். அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய் கொடுத்து வின்சென்ட் வாங்கிவிட்டார். அன்றைய ரயில்வே ஊழியருக்கு அது பல வருடச் சம்பளம். வேலையை விட்டார், கூடாரத்தைக் கட்டிக்கொண்டார், லாகூர், பெஷாவர், ரங்கூன் வரைக்கும் போய்ப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆனது. மனிதர் சினிமாவோடும் நிற்கவில்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகம், அரிசி ஆலை என்று தொழிலை விரித்துக்கொண்டே போனார். வெரைட்டி ஹால் ரோட்டில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

சிங்காநல்லூரில் இரண்டு முதல்வர்கள்

கோடம்பாக்கம் பெரிய ஆளாவதற்கு முன்பே கோவையில் சினிமா எடுத்தார்கள். 1935-ல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டூடியோ சிங்காநல்லூரில் இருந்தது. சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்ட தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) இங்கே எடுத்த படம். 1947-ல் வந்த 'ராஜகுமாரி'யும் இங்கேதான் உருவானது. அதில் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனவர் எம்.ஜி.ஆர்.; வசனத்தில் கை வைத்தவர் மு. கருணாநிதி. பின்னாளைய முதலமைச்சர்கள் இரண்டு பேர் ஒரே படத்துக்கு ஒரே ஊரில் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு கதை, ஆறு மொழி

'பான் இந்தியா' என்ற பேச்சு இப்போதுதான் பலமாக இருக்கிறது. புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்திய எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் தொடங்கி அதைச் செய்தே காட்டிவிட்டார். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' நாவலைத் தமிழில் எடுத்தார். அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று மற்ற ஐந்து மொழிகளிலும் படமானது. தமிழில் எம்.ஜி.ஆர். நடித்தார். இந்தியில் 'ஆசாத்' என்ற பெயரில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் என்ற பெயரும் 'மலைக்கள்ள'னுக்கே. நாமக்கல் பக்கத்து மோகனூரில் பிறந்த கவிஞரின் கதை, கோவை ஸ்டூடியோ வழியாகக் கொழும்பு வரை போயிருக்கிறது.

பஸ் ஸ்டாப்பில் இறங்காத சரித்திரம்

அவிநாசி ரோட்டில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் சத்தம் போடுகிற பெயர்களைக் கவனியுங்கள். 'நவ இந்தியா' என்பது கோவையிலிருந்து வெளிவந்த தமிழ் நாளிதழ். பேப்பர் நின்றுபோய் எத்தனையோ வருடமாகிவிட்டது, ஸ்டாப் நிற்கவில்லை. 'ஹோப்ஸ்' என்பது சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி தடாகம் ரோட்டுக்குக் குடிபெயர்ந்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. ஹோப் துரை மட்டும் அவிநாசி ரோட்டிலேயே தங்கிவிட்டார். 'லட்சுமி மில்ஸ்' ஸ்டாப்பில் இன்று இறங்குகிறவர்கள் பஞ்சு மூட்டையோடு வருவதில்லை, காபி குடிக்கவும் துணி வாங்கவும் வருகிறார்கள். 2025 அக்டோபரில் இந்த ஸ்டாப்புகளுக்கெல்லாம் மேலே, உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். பாலத்துக்கு வைத்த பெயர் ஜி.டி. நாயுடு. மேலே போகிற காருக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரியாமல் போகும்; கீழே போகிற டவுன் பஸ்ஸுக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒற்றை பஸ் முதலாளி

அந்த ஜி.டி. நாயுடு 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொழில் தொடங்கினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. அது வளர்ந்து யு.எம்.எஸ். பஸ் நிறுவனம் ஆனது. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் 2,000 ரூபாய் செலவில் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்தார். தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மலிவு விலைக் காருக்கு நாடு இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காதோ என்னவோ.

தண்ணி இல்லாத ஊரில் பம்பு

நாட்டில் ஓடும் பம்புசெட்டுகளில் ஏறத்தாழ பாதி கோவைச் சரக்கு என்பார்கள். ஆறு நிறைய ஓடுகிற ஊரில் இந்தத் தொழில் பிறந்திருக்காது. கொங்கு மண் மேட்டுக்காடு. கிணற்றைத் தோண்டத் தோண்டத் தண்ணீர் கீழே போனது. கவலை பூட்டித் தண்ணீர் இறைத்த காளைகளால் அந்த ஆழத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும் ஒரு பக்கம் மில்கள் பெருகின, மறுபக்கம் தோட்டத்துக் கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. மில் எந்திரங்களுக்கு உதிரிபாகம் வார்த்துப் பழகிய பட்டறைகள் பம்புக்குத் திரும்பின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின் மோட்டாரை உள்ளூரிலேயே செய்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம் ஒரு தொழிலையே பெற்றெடுத்தது.

திருச்செங்கோட்டு வண்டி

அந்த ஆழமும் போதாமல் போனபோது திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் வண்டி ஓட்டக் கிளம்பினார்கள். ராஜஸ்தானிலோ மத்தியப் பிரதேசத்திலோ போர்வெல் போடும் வண்டியைப் பார்த்தால், அது திருச்செங்கோட்டு வண்டியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பக்கத்தில் போய்ப் பேசிப் பார்த்தால் "எந்த ஊருங்க?" என்று பதில் வரலாம்.

கல் சுற்றியது, கை நின்றது

ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலித்த பெண்களுக்கு விடுதலை கிடைத்தது 1955-ல். கோவையைச் சேர்ந்த பி. சபாபதி அந்த ஆண்டில் வெட் கிரைண்டரை உருவாக்கினார். கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம், மோட்டாருக்குக் கோவைப் பட்டறை என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள். பவானி ஜமக்காளமும் ஈரோட்டு மஞ்சளும் அந்தப் பட்டியலில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை; மோட்டார் வைத்த ஒரு எந்திரம் சேர்ந்ததுதான் விசேஷம்.

உத்தரப் பிரதேசத்தில் 'கோ'

வட இந்தியக் கரும்புக் காட்டில் விவசாயியிடம் என்ன ரகம் என்று கேட்டால் "கோ" என்று தொடங்கி ஒரு எண் சொல்வார். அந்தக் 'கோ' கோயம்புத்தூர். 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். இந்த ஊர்ப் பருவத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பது முக்கியக் காரணம். பயிர்க் கரும்போடு காட்டு நாணலைக் கலந்து பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. அண்மைக் காலத்தில் கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்திருந்தது. இப்போது செவ்வழுகல் நோய் அதை ஆட்டிவைக்கிறது. அடுத்த 'கோ'வைத் தேடும் வேலை நடக்கிறது.

தமிழில் விஞ்ஞானம்

பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியை வளர்த்த ஜி.ஆர். தாமோதரன், 1940களின் கடைசியில் 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழைக் கோவையிலிருந்து கொண்டுவந்தார். அணு, விமானம், மருத்துவம் எல்லாவற்றையும் தமிழில் எழுதினார்கள். வார்த்தை இல்லாத இடத்தில் வார்த்தை செய்தார்கள். தமிழில் அறிவியலைச் சொல்ல வராது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், பழைய கலைக்கதிர் ஒன்றைக் கையில் கொடுங்கள்.

கணினிக்கு வந்த அரசாணை

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் சத்தமில்லாமல் நடந்த ஒரு காரியம் உண்டு. தமிழ் எழுத்துக்கு யூனிகோடையும், அதோடு டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று அரசு ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் ஒரு அலுவலகத்தில் அடித்த தமிழ்க் கடிதம் அடுத்த அலுவலகத்தில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்று வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் செய்தி தமிழில் தடையின்றி வருகிறது என்றால் யூனிகோடுக்கு நன்றி சொல்லலாம்; திட்டவும் செய்யலாம்.

நிலாவுக்கு நாமக்கல் மண்

சந்திரயான் 1-இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கம் கோதவாடிக்காரர் என்பது தெரிந்த சேதி. நிலவுப் பயணச் சோதனைக்கு மண்ணும் இங்கிருந்து போனது தெரியுமா? நிலாவின் மேட்டுநிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் அடையாளம் காட்ட, அதைப் பொடித்து இஸ்ரோ செயற்கை நிலவுத் தரை அமைத்தது. பின்னாளைய சந்திரயான் பயணத்தின் லேண்டரையும் ரோவரையும் அதில்தான் பழக்கினார்கள்.

ஒரே அணைக்கட்டு, இரண்டு காலம்

பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து நொய்யல் வரை சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் வாய்க்காலைக் காலிங்கராயன் 1283-ல் முடித்ததாகச் சொல்வது வழக்கம். பம்பு கிடையாது, நிலத்தின் சரிவை நம்பித் தண்ணீரை நடத்திப் போனார். 2024 ஆகஸ்ட் 17 அன்று, பல தலைமுறைக் கோரிக்கையான அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. இதற்குத் தண்ணீர் எடுப்பதும் அதே அணைக்கட்டைத் தாண்டி வரும் உபரிநீரிலிருந்துதான். ஆறு நீரேற்று நிலையங்கள் மேட்டுக்குத் தள்ளிவிட, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் போகிறது. குளத்து நீர்மட்டத்தைச் சென்சார் பார்க்கிறது. காலிங்கராயன் பள்ளத்தை நோக்கி ஓடவிட்டதை, நாம் மேட்டை நோக்கி ஏற்றுகிறோம். மின்கட்டணம் மட்டும் அவருக்கு இல்லாத கவலை.

முட்டை விலைச் செய்தி

சென்னையில் ஆம்லெட் விலை ஏறுமா என்பதை நாமக்கல் தீர்மானிக்கிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் பண்ணை விலை, வானிலை அறிக்கை மாதிரி நாள்தோறும் செய்தியாகிறது. முன்பு பேப்பரிலும் ரேடியோவிலும் காத்திருந்து கேட்டார்கள். இப்போது கோழிப்பண்ணைக்காரரின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது.

ஒரு ரூபாய் இட்லி

ஆலாந்துறை பக்கம் வடிவேலம்பாளையத்தில் விறகு அடுப்பில் இட்லி சுட்டு ஒரு ரூபாய்க்கு விற்றுவந்தார் கமலாத்தாள் பாட்டி. உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த கடை. 2019-ல் ஒரு வீடியோ பரவியதும் நாட்டுக்கே தெரிந்தது. சமையல் எரிவாயு இணைப்பு வந்தது. 2022 அன்னையர் தினத்துக்குத் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா வீடு கட்டிக் கொடுத்தார். கேமரா வருவதற்கு முன்பும் இட்லி ஒரு ரூபாய், வந்த பிறகும் ஒரு ரூபாய். புகழ் வந்ததும் விலையை ஏற்றாதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

ஏனுங்க, யூடியூப்புங்க!

கொங்குப் பேச்சைச் சினிமா வெகுகாலம் சிரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டது. உடுமலைப் பக்கத்துக் கவுண்டமணியும் கோவை சரளாவும் அந்தச் சிரிப்பைக் கொடி கட்டிப் பறக்கவிட்டார்கள். கோவையிலிருந்து வரும் 'நக்கலைட்ஸ்' யூடியூப் சேனல் அடுத்த படி ஏறியது. அவர்களுடைய 'அம்முச்சி' தொடரில் அழுகிறவர், கோபப்படுகிறவர், காதலிக்கிறவர் எல்லோரும் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள். ஸ்டூடியோக்கள் சென்னைக்குப் போய்விட்ட ஊருக்கு, கைப்பேசி வழியாகப் படப்பிடிப்பு திரும்பி வந்திருக்கிறது.

தேக்கம்பட்டிக்கு இரட்டைப் பத்மஸ்ரீ

மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி. இயற்கை விவசாயி பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-ல் பத்மஸ்ரீ; வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ. ஆண்களே ஆடிவந்த கும்மியில் பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர் பத்ரப்பன். இன்று கோயில் திருவிழாவில் ஒரே நிறச் சேலையில் வரிசை வரிசையாகப் பெண்கள் கும்மியடிக்கும் ரீல்ஸ் பார்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் இவரைப் போன்ற வாத்தியார்களின் பல வருட உழைப்பு இருக்கிறது.

கடைசியாக ஒன்று

உங்கள் ஊரில் மூடிப்போன மில், நின்றுபோன பத்திரிகை, இடித்த தியேட்டர் எதுவோ ஒன்றின் பெயர் இன்னும் ஒரு பஸ் ஸ்டாப்பிலோ தெருவிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கதை தெரிந்த பெரியவர் ஒருவரும் இருப்பார். கைப்பேசியில் ரெக்கார்டரைப் போட்டு, "அப்புச்சி, இதைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது பதில் வேண்டுமல்லவா?