வளாக வைஃபை ஏன் அறுந்துபோகிறது?

நெகிரி செம்பிலானிலுள்ள நீலாய், சிப்பாங் விமான நிலையத்துக்கு அருகிலிருப்பதால், அங்குள்ள கல்வி வளாகங்களில் வைஃபை கோளாறு தேடுவோர் ரேடாரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதியை வானிலை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் துடிப்பை உணரும் அணுகுமுனை, அதாவது கூரையில் பொருத்திய வைஃபை பெட்டி, 10 நொடிக்குள் தான் இயங்கும் அலைவரிசைத் தடத்தை விட்டு விலகி 30 நிமிடம் திரும்பாதிருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. தடம் மாறும் அறிவிப்பைத் தவறவிட்ட கைப்பேசிகள் அப்போது துண்டிக்கப்படுகின்றன. பெட்டியை இயக்கும் உள்மென்பொருளாகிய நிலைபொருளில் பிழையிருந்தால், வெறும் இரைச்சலும் ரேடாராகத் தோன்றும். பதிவேட்டில் பல பெட்டிகள் ஒரே நிமிடத்தில் விலகியிருந்தால் ரேடார் மெய்யாயிருக்கலாம்; நிலைபொருளைப் புதுப்பித்த பெட்டி மட்டும் விலகியிருந்தால், பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்; பலர் செய்வதுபோல் சமிக்ஞை வலிமையைக் கூட்டுவது வீண்வேலை.