மூடாக்கைக் கிளறும் செந்தலைப் பூங்குருவி

ஆனைமலை அடிவாரத்தில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், "ஐப்பசி பிறந்தால் ஒரு சிவப்புக் குருவி வந்து, போட்ட மூடாக்கையெல்லாம் கலைத்து விடுகிறது ஐயா. வேரைக் கடிக்குமோ? பையன்களிடம் உண்டிவில் கொடுத்து அடிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் பார்த்தது செந்தலைப் பூங்குருவி. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. நீளம் சுமார் 21 செ.மீ. ஆணின் தலை, மார்பு, வயிறு யாவும் ஆரஞ்சு நிறம். முதுகும் வாலும் நீலச் சாம்பல். தோள்பட்டையில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். பெட்டையின் முதுகில் பழுப்பு ஓடியிருக்கும்.

முகத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். தொண்டை வெளுத்து, வெள்ளைக் கன்னத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கருங்கோடுகள் இருந்தால் அது தென்னாட்டிலேயே கூடு கட்டும் பிரிவு. கோடின்றி முகம் முழுவதும் ஆரஞ்சாக இருந்தால், இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்காகத் தெற்கே வரும் பிரிவு. இதே பருவத்தில் வரும் ஆறுமணிக்குருவியையும் சிலர் இதுவென்று எண்ணுவதுண்டு. அதற்கு முதுகு பச்சை, வால் மிகக் குட்டை.

பூங்குருவி கூச்சம் மிக்கது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் தனியாகவோ ஜோடியாகவோ மேயும். விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பு அதிகம். ஆள் அரவம் கேட்டால் கிளையில் ஏறி அசையாமல் உட்கார்ந்துவிடும். சருகை அலகால் புரட்டி எறிவது வேருக்காக அல்ல. அடியிலுள்ள பூச்சி, புழு, நத்தைகளுக்காக. பழமும் உண்ணும். மண்புழுவையும் தின்னும், மறைப்பதற்கில்லை. ஓரிரு குருவிகளால் தோப்பின் மண்புழு தீர்ந்துவிடாது. இளங்கன்றைச் சுற்றி மட்டும் மூடாக்கின்மேல் நாலு பாக்கு மட்டைகளைப் பாரமாக வைத்தால் கலையாது.

நான் அஞ்சுவது வேறொன்றை. இடையில் வாழை வைத்தவர்கள் நூற்புழுவுக்குக் குருணை மருந்து இடுவதுண்டு. மேலே சிந்திய குருணையைப் பறவைகள் விதையென்று கொத்தி மடியும். மருந்தேறிய புழுவைத் தின்றாலும் ஆபத்தே. சிபாரிசு செய்த அளவு மட்டும் இட்டு, உடனே மண்ணால் நன்கு மூடிவிடுங்கள். உண்டிவில்லுக்கோ, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே தடை.

பின்னர் ஒரு காலையில் அந்தத் தோப்புக்குப் போயிருந்தேன். வாய்க்கால் ஓரம் சருகு பறந்தது. கன்னத்தில் கோடில்லை, வடக்கிலிருந்து வந்ததுதான். பங்குனி வாக்கில் திரும்பிவிடும் என்று தோப்புக்காரரிடம் சொன்னேன்.