கேட்டுக் கேட்டுக் கட்டிய பூங்கா!

தெருமுனையில் ஒரு காலி மனை கிடக்கிறது. அங்கே என்ன வரவேண்டும் என்று யாராவது இல்லத்தரசிகளைக் கேட்பதுண்டா? குழந்தைகளைக் கேட்பதுண்டா? "இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுக்கிவிடுவதுதானே வழக்கம்!

ஆனால், வீடு வீடாகப் போய்க் கேட்டே ஓர் அருமையான பூங்காவை உருவாக்கியிருக்கிறார்கள், ஜெர்மனியில். ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் ஸாங்க்ட் பௌலி என்றொரு பேட்டை. ஏழை எளியவர்கள் நிறைந்த, நெருக்கமான இடம். பிள்ளைகள் ஓடியாட, எல்பே நதியைப் பார்த்தபடி ஒரே ஒரு துண்டு நிலம்தான் மிச்சம். 1990-களில் அதிலும் கட்டடம் எழுப்ப நகர நிர்வாகம் திட்டமிட்டது.

பேட்டைக்காரர்கள் விடுவார்களா? அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், ஓவியர்கள், தேவாலயம், பள்ளிக்கூடம், சமூக நல நிலையம் எல்லாரும் கைகோர்த்தார்கள். 'பார்க் ஃபிக்‌ஷன்', அதாவது 'கற்பனைப் பூங்கா' என்று பெயரும் வைத்தார்கள். வெறுமனே கோஷம் போடவில்லை. பூங்கா ஏற்கெனவே வந்துவிட்டது போல அங்கேயே விழா, கண்காட்சி என்று கூடிக் களித்தார்கள்!

பெட்டியோடு வந்தார்கள்

அவர்கள் யோசனை கேட்ட விதம்தான் அழகு. அந்த நிலத்திலேயே ஒரு கன்டெய்னரை வைத்து அலுவலகமாக்கினார்கள். படம் வரையத் தெரியாதவர்கள் களிமண்ணில் பிசைந்து காட்டலாம். நடுராத்திரியில் யோசனை தோன்றினாலும் சொல்ல ஒரு டெலிபோன். வர முடியாதவர்களைத் தேடி, வரைபடம், களிமண், காமிரா எல்லாம் அடங்கிய பெட்டியோடு வீட்டுக்கே போனார்கள். கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த முயற்சி 2002-ல் காஸெல் நகரின் புகழ்பெற்ற 'டாக்குமென்டா' கலைக் கண்காட்சியில் இடம்பெற்றது. 2005-ல் பூங்கா திறக்கப்பட்டது. பறக்கும் கம்பளம் போல அலையலையான புல்தரை; இரும்பில் செய்த பனைமரங்கள்! அவற்றினடியில் அமர்ந்து கப்பல்களை வேடிக்கை பார்க்கலாம்.

ஊர் விட்டு ஊர்

2013-ல் துருக்கியின் இஸ்தான்புல்லில் கெஸி பூங்காவை அழிக்க முயன்றபோது மக்கள் திரண்டு தடுத்தார்கள். ஹாம்பர்க்காரர்கள் தங்கள் பூங்காவுக்கு 'கெஸி பார்க் ஃபிக்‌ஷன்' என்று பெயர் சூட்டித் தோள் கொடுத்தார்கள்.

ஒரு சங்கடமும் உண்டு. பேட்டைக்குப் பெயர் வர வர, வீட்டு வாடகையும் ஏறியது. பூங்காவைக் காப்பது போலவே, அதைக் கேட்டு வாங்கியவர்கள் அங்கேயே குடியிருப்பதையும் காக்க வேண்டியிருக்கிறது.

நாமும் செய்யலாமே!

• "பூங்கா வேண்டும்" என்று மட்டும் சொல்லாமல், எப்படிப்பட்டது என்று பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள்.

• கூட்டத்துக்கு வராத தாய்மாரையும் முதியோரையும் அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் வீட்டில் போய்க் கேளுங்கள்.

• எல்லா யோசனைகளையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். அதிகாரியிடம் போகும்போது அதுவே உங்கள் பலம்.

இடம் பறிபோன பிறகு புலம்புவதைவிட, இருக்கும்போதே ஆசையைச் சொல்வது மேல் அல்லவா?