ஒரே எண்ணெய் பாட்டில், மூணு தலை

போன மாசம் என் பொண்ணு முடியை ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. ஒன்பதாவது படிக்கிறாள். சுருட்டை முடி, என் அம்மா வழி. மனைவிக்கு நேர் முடி. வீட்டில் எல்லாருக்கும் ஒரே தேங்காய் எண்ணெய், ஒரே ஷாம்பு. மனைவிக்குப் படிந்து பளபளக்கும் அதே எண்ணெய், பொண்ணுக்கு மேலாகப் பிசுபிசுத்து, மதியத்துக்குள் முடி மறுபடி வறவறன்னு ஆகிவிடும். "இன்னும் நிறைய வை" என்பதுதான் நாங்கள் சொன்ன ஒரே வைத்தியம்.

பார்லரில் விசாரித்தேன். கிரீமில் ஃபார்மால்டிஹைடு இல்லைன்னு சத்தியம் செஞ்சாங்க. டப்பாவைக் காட்டச் சொன்னேன், காட்டலை. 2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 33,497 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்ட்ரெய்ட்டனர் போடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64%; வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05%. இது தொடர்புதான், இதுவே காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் 14 வயசில் ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. "அப்ப இந்த முடிய என்ன பண்றது?"ன்னு அவ கேட்டா. நியாயமான கேள்வி. நான் படிச்சது பி.ஈ., தோல் டாக்டர் இல்லை. ஆனா தேட முடியும்.

விருத்தாசலத்துக்காரனுக்கு இது புரிய மைக்ரோஸ்கோப் தேவையில்லை. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் ஊர் இது. முதல் சூட்டில் வெந்து வரும் பண்டத்தைப் பட்டறையில் 'பிஸ்கட்' என்பார்கள். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு நுண்துளை. கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தால் சில நொடியில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உலர்ந்துவிடும். கிளேஸ் உருகி மூடிய ஊறுகாய் ஜாடியோ ஒரு சொட்டும் குடிக்காது. மண் அதேதான்.

முடியும் அப்படி. எந்த நாட்டு முடியாக இருந்தாலும் அடிப்படை கெரட்டின் புரதம்தான். மேலே ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள், அதற்கு மேல் மெல்லிய கொழுப்புப் படலம். அதுதான் கிளேஸ். பிளீச், சாயம், ஸ்ட்ரெய்ட்டனிங் எல்லாம் அதை அரித்துவிடும். அம்மாவின் சாயம் போட்ட முடி பிஸ்கட். மனைவியுடையது ஜாடி. ஒரே மயிரிலேயே வேர்ப்பக்கம் ஜாடியாகவும், வருஷக்கணக்கில் சீப்பு பட்ட நுனி பிஸ்கட்டாகவும் இருக்கும்.

இதோடு வடிவமும் சேர்கிறது. கிழக்காசிய முடியைக் குறுக்கே வெட்டினால் வட்டம். ஆப்பிரிக்க முடி தட்டையான நீள்வட்டம். நம்முடையது பெரும்பாலும் நடுவில். நேர் முடியில் தலைச் சுரப்பு வழுக்கி இறங்கும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தங்கிவிடும், நுனி காய்ந்தே கிடக்கும். வளைவுகளில்தான் சீப்பு சிக்கி ஒடிக்கும்.

தேங்காய் எண்ணெய்க்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. 2003-ல் ரேலே, மொஹிலே என்ற மும்பை ஆய்வாளர்கள் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். சின்ன, நேரான மூலக்கூறு, உள்ளே நுழையும். (இருவரும் பாராசூட் விற்கும் மாரிகோ நிறுவனத்தவர். உப்புக்கல் வைத்தே படியுங்கள். ஆனால் எண்ணெய் ஊடுருவுவதைக் கருவி வைத்துப் பார்த்த வேறு ஆய்வும் உண்டு.)

ஆனால் எண்ணெய் ஈரம் தராது. இதை எனக்குச் சொல்லித் தந்தது ஆன்சைட்டில் கூட வேலை பார்த்த நைஜீரியப் பெண். இந்தியக் கடையில் நான் வாங்கும் அதே தேங்காய் எண்ணெயைத்தான் அவரும் வாங்குவார். "காய்ஞ்ச முடியில எண்ணெய் வச்சா காய்ச்சலைத்தானே உள்ளே பூட்டி வைக்கிறீங்க?" என்று சிரித்தார். முதலில் தண்ணீர், அப்புறம் கழுவாமல் விடும் கிரீம், கடைசியில் எண்ணெய். அந்த வரிசைதான் விஷயம்.

நம்ம கம்பெனிகளுக்கு இந்தச் சந்தை எப்பவோ தெரியும். டாபர் 2010-ல் 10 கோடி டாலருக்கு அமெரிக்காவின் நமஸ்தே லேபரட்டரீஸை வாங்க ஒப்பந்தம் போட்டது, கறுப்பினத்தவருக்கான ஓ.ஆர்.எஸ். கிரீம்கள் அவர்களுடையவை. கோத்ரெஜ் 2016-ல் ஸ்ட்ரெங்த் ஆஃப் நேச்சரை வாங்கியது. நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோரில் மட்டும் சுருட்டை முடிக்கு என்று கேட்டால் ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீமை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஆக, பாட்டிலைப் பகிரலாம். முறையைப் பகிர முடியாது. மனைவிக்குத் தலைக்குக் குளிக்கும் முன்னிரவு எண்ணெய் போதும். அம்மாவுக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் கூடுதல். பொண்ணுக்கு ஈர முடியில் கண்டிஷனர், விரலாலேயே சிக்கெடுப்பு, நாலு சொட்டு எண்ணெய், பழைய பருத்தி டி-சர்ட்டில் ஒற்றி எடுப்பது. சீப்பு ஆளுக்கொன்று, பேன் பயத்தால்.

மூணு வாரம் ஆச்சு. பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடைதான், அதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவிழ்த்துவிட்டுக்கொண்டு பழமலைநாதர் கோயிலுக்கு வந்தாள். பார்லர் பேச்சை இன்னும் முழுசா விடலை; பத்தாவது லீவுல பாக்கலாம்ங்கிறா.